மூச்சுக்குள் செல்லும் மருந்துக்குத் தூய கிண்ணம்: வீட்டு நெபுலைசரைப் பேணும் முறை

பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய குப்பங்களிலிருந்து மழைக்காலத்தில் எங்களிடம் வரும் ஆஸ்துமா நோயாளிகளும் நாட்பட்ட மூச்சடைப்பு நோயாளிகளும், பல நேரங்களில் தம் வீட்டு நெபுலைசரையும் ஒரு பையில் வைத்துக் கொண்டுவருகின்றனர். "மோட்டார் ஓடுகிறது, ஆனால் புகை வரவில்லை. புதிய இயந்திரம் வாங்க வேண்டுமா?" என்று கேட்கின்றனர். பிரித்துப் பார்த்தால், இயந்திரத்தில் பெரும்பாலும் குறை ஏதும் இருப்பதில்லை. மருந்துக் கிண்ணத்தின் நடுவிலுள்ள சிறு துளையில் உப்பும் பழைய மருந்தும் படிந்து இறுகியிருக்கும். அல்லது காற்று வடிகட்டி தூசியால் கறுத்திருக்கும். கழுவி, உலர்த்தி, வடிகட்டியை மாற்றியதும் கருவி முன்போல் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

இவ்வாறு வருவோருக்கு இழப்பு பணமும் அலைச்சலும் மட்டுமே. ஆனால் எங்களைக் கவலை கொள்ளச் செய்வது வேறொரு வகைக் கருவியாகும். அதில் புகை நன்றாகவே வரும். குறை எதுவும் கண்ணில் படாது. கிண்ணத்தின் அடியில் நேற்றைய மருந்தின் ஈரம் மட்டும் மீந்திருக்கும். அந்த ஈரத்தில் வளர்ந்த கிருமிகளை, ஏற்கெனவே நலிந்துள்ள நுரையீரலின் ஆழத்துக்கு நாமே செலுத்துகிறோம் என்பதை எவரும் உணர்வதில்லை. ஆகவே, பழைய கிண்ணத்தை எவ்வாறு தூய்மை செய்வது, எந்நிலையில் மீட்டெடுப்பது, எந்நிலையில் கைவிடுவது என்பவற்றை இங்கே விளக்குகிறோம்.

புகை அன்று, மருந்துத் துளி

நம் ஊர்களில் நெபுலைசர் வைத்துக்கொள்வதைப் "புகை வைப்பது" என்று கூறுவர். உண்மையில் அது புகையும் அன்று, சுடுநீரின் ஆவியும் அன்று. மிக நுண்ணிய நீர்த்துளிகளாக உடைக்கப்பட்ட மருந்தாகும். இயந்திரத்திலுள்ள மோட்டார் காற்றை அழுத்திக் குழாய் வழியே அனுப்புகிறது. அக்காற்று கிண்ணத்தின் நடுவிலுள்ள குறுகிய துளையின் வழியே மிகு வேகத்தில் வெளியேறும்போது, சுற்றிலும் உள்ள மருந்தை மேலே இழுத்துச் சிதறச் செய்கிறது. முடிதிருத்தும் நிலையத்தில் தலையில் நீர் தெளிக்கும் குப்பியும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதன் துளிகள் பெரியவை, தலைமுடியிலேயே தங்கிவிடும். நெபுலைசரின் துளிகளில் 1 முதல் 5 மைக்ரான் வரை அளவுள்ளவையே நுரையீரலுக்குள் சென்று படிகின்றன. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை எண்ணிப் பார்த்தால், இத்துளிகளின் நுண்மை விளங்கும்.

இந்த நுண்மையே கருவியின் பயன். அதன் ஆபத்தும் இதுவே. நாம் உண்ணும் உணவில் சிறிது அழுக்கு இருந்தால், வயிற்றின் அமிலம் ஓரளவு அதனைத் தடுக்கும். மூக்கின் வழியே செல்லும் தூசியை மூக்கின் மயிரும் சளியும் பிடித்து நிறுத்தும். நெபுலைசரின் துளிகளோ இக்காவல்களையெல்லாம் கடந்து செல்வதற்கென்றே உருவாக்கப்படுபவை. கிண்ணத்தில் மருந்து இருந்தால் மருந்து செல்லும். கிருமி இருந்தால் கிருமியும் உடன் செல்லும்.

உவர்நீர் ஊர்களுக்குரிய கவனம்

கருவியுடன் வரும் கையேட்டில் "குழாய் நீரில் கழுவுக" என்று எழுதியிருக்கலாம். ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நம் ஊர்களில் அதனை அப்படியே பின்பற்றுவது கடினம். பல இடங்களில் கைப்பம்பிலும் ஆழ்குழாயிலும் வருவது உவர்நீர். அத்தகைய நீரில் கழுவிய கிண்ணத்தை உலரவிட்டால், நீர் மறைந்து உப்பு தங்கிவிடும். உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பாத்தியில் நிகழ்வதே கிண்ணத்தின் துளையிலும் நிகழ்கிறது. சில வாரங்களில் அத்துளை சுருங்கி, மருந்து தெளிப்பது குறைகிறது.

உவர்நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் சுண்டச் சுண்ட உவர்ப்பு மிகவே செய்யும். ஆகையால் முதற்கழுவலுக்கு எந்த நீரைப் பயன்படுத்தினாலும், இறுதி அலசலுக்கு நன்னீரே வேண்டும். அதுவும் காய்ச்சி ஆறிய நன்னீராக இருத்தல் வேண்டும். குடிப்பதற்கென வாங்கும் கேன் தண்ணீரைக் கூட அப்படியே பயன்படுத்தலாகாது. குடிப்பதற்கு ஏற்ற நீரிலும், நுரையீரலுக்குள் சென்றால் தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் சில இருக்கக்கூடும். அந்நீரை 5 நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, அன்றன்றே பயன்படுத்துங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டர் போதுமானது.

கடலுக்குச் சென்று திரும்பிய படகின் இன்ஜினை நன்னீரால் அலசாமல் விட்டால் உப்பு அரித்துவிடும் என்பது மீனவக் குடும்பங்களுக்குத் தெரியாததன்று. அதே அக்கறையை இச்சிறு கிண்ணத்துக்கும் அளிக்குமாறு வேண்டுகிறோம்.

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியவை

1. மருந்து வைப்பதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவித் துடையுங்கள். வலையோ மீனோ தொட்ட கையுடன் கிண்ணத்தைத் திறக்க வேண்டாம்.

2. மருந்து முடிந்ததும் கிண்ணத்தில் எஞ்சும் சில துளிகளைக் கொட்டிவிடுங்கள். அடுத்த வேளைக்கென வைத்திருக்கக் கூடாது. திறந்த மருந்துக் குப்பியின் மீதியும் அவ்வாறே.

3. குழாயைக் கழற்றி வையுங்கள். குழாயை நீரில் நனைக்கக் கூடாது. உள்ளே நீர் தங்கினால் எளிதில் உலராது, பூஞ்சை படரும். வெளிப்புறத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

4. கிண்ணத்தை முழுவதும் பிரியுங்கள். உள்ளே கழன்று வரும் சிறு பகுதி ஒன்று இருக்கும். அது தொலைந்தால் கிண்ணம் பயன்படாது. கிண்ணத்தையும் முகமூடியையும், வாயில் வைக்கும் குழல் இருந்தால் அதனையும், இளஞ்சூடான நீரில் பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு சில துளிகள் விட்டுக் கழுவுங்கள்.

5. காய்ச்சி ஆறிய நன்னீரில் நன்கு அலசி, நீரை உதறுங்கள்.

6. தூய வெள்ளைத் துணியின் மீது பரப்பி, நிழலில் தானாக உலரவிடுங்கள். முந்தானையாலோ துண்டாலோ உட்புறத்தைத் துடைத்தால், துணியிலுள்ள அழுக்கு உள்ளே சேரும். கருவாடு காயும் முற்றமும் அடுப்புப்புகை படியும் மாடமும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல.

7. முற்றிலும் உலர்ந்த பின்னரே மூடியுள்ள தூய டப்பாவில் எடுத்து வையுங்கள். ஈரத்துடன் நெகிழிப் பையில் கட்டி வைப்பது, கழுவாமல் விடுவதைக் காட்டிலும் தீமையாக முடியலாம்.

8. குழாயின் உட்புறத்தில் ஈரப்பூப்பு தெரிந்தால், கிண்ணமின்றிக் குழாயை மட்டும் இயந்திரத்தில் இணைத்து ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். வரும் காற்றே அதனை உலர்த்திவிடும்.

நாளுக்கு ஒருமுறை கிருமிநீக்கம்

கழுவுதல் அழுக்கை அகற்றும். கிருமிநீக்கம் எஞ்சிய கிருமிகளைக் கொல்லும். இரண்டும் ஒன்றல்ல. கழுவாத கிண்ணத்தைக் கொதிக்கவைப்பதாலும் பயனில்லை. நாளின் கடைசி வேளை மருந்துக்குப் பின், சோப்பிட்டுக் கழுவிய கிண்ணத்தைக் கீழ்க்கண்ட முறைகளுள் ஒன்றினால் கிருமிநீக்கம் செய்யுங்கள்.

கையேட்டில் "கொதிக்கவைக்கலாம்" என்று குறிப்பிட்டிருந்தால், கிண்ணத்தின் பகுதிகளை நன்னீரில் 5 நிமிடம் கொதிக்கவைக்கலாம். அடிப்பகுதியில் ஒட்டி உருகாதபடி நீர் நிறைய இருக்கட்டும். மென்மையான முகமூடியையும் குழாயையும் கொதிநீரில் இடக் கூடாது. விலை குறைந்த கிண்ணங்கள் பல கொதிநீரில் வளைந்துவிடும். வளைந்த கிண்ணம் சரியாக மூடாது.

கொதிக்கவைக்க இயலாத கிண்ணங்களை, மருந்தகத்தில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிடம், அல்லது 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 5 நிமிடம் மூழ்கவைத்து, பின்னர் காய்ச்சி ஆறிய நீரில் நன்கு அலச வேண்டும். பெராக்சைடு நம் மருந்தகங்களில் 6 விழுக்காடாகவும் விற்கப்படுகிறது. அதனுடன் காய்ச்சி ஆறிய நீரைச் சம அளவு கலந்தால் 3 விழுக்காடாகும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். அடுப்பும் விளக்கும் எரியும் இடத்தில் அதனைத் திறக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வினிகர் குறித்துப் பலர் கேட்கின்றனர். அது உப்பு, சுண்ணப் படிவுகளைக் கரைக்க உதவும். ஆனால் கிருமிநீக்கியாக அதனை நம்ப முடியாது. வெயிலில் காயவைப்பதும் கிருமிநீக்கம் ஆகாது.

புகை குறைந்தால் மீட்டெடுப்பது எவ்வாறு?

வழக்கமாக ஒரு வேளை மருந்து ஏறத்தாழ 10 நிமிடங்களில் முடிந்துவிடும். அதே அளவு மருந்துக்கு 20 நிமிடம் ஆனால், கருவி உங்களுக்கு எச்சரிக்கை தருகிறது என்று கொள்ளுங்கள். இயந்திரத்தைக் குறை கூறுமுன் மூன்றைச் சோதியுங்கள்.

முதலாவது, குழாய். இரு முனைகளும் இறுக்கமாகப் பொருந்தியுள்ளனவா, எங்கேனும் மடிந்தோ விரிசல் விட்டோ உள்ளதா என்று பாருங்கள்.

இரண்டாவது, காற்று வடிகட்டி. இயந்திரத்தின் பக்கத்திலுள்ள சிறு மூடியைத் திறந்தால் வெள்ளைப் பஞ்சு போன்ற வடிகட்டி இருக்கும். அது பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் மாற்றிவிடுங்கள். பெரும்பாலான வடிகட்டிகள் கழுவிப் பயன்படுத்துவதற்குரியவை அல்ல. அடுப்பறையில் தரையில் வைத்து இயந்திரத்தை ஓட்டினால், வடிகட்டி விரைவில் கறுக்கும்.

மூன்றாவது, கிண்ணத்தின் துளை. இளஞ்சூடான சோப்பு நீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். வெண்படிவு கரையாவிட்டால், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு நீர் கலந்து மீண்டும் அரைமணி நேரம் ஊறவைத்து, நன்கு அலசி, மேற்கூறிய முறையில் கிருமிநீக்கம் செய்யுங்கள். குண்டூசி, தையலூசி, தூண்டில் முள் எதனாலும் துளையைக் குத்தாதீர்கள். துளை ஒரு மயிரிழை அகன்றாலும் துளிகள் பெரிதாகிவிடும். அப்போது புகை முன்னைவிட அடர்த்தியாகத் தெரியலாம். மருந்தோ தொண்டையில் படிந்துவிட்டு, நுரையீரலைச் சென்றடையாது. கண்ணுக்குச் சரியானதுபோல் தோன்றும் இக்கேடு பெரிதும் ஏமாற்றக்கூடியது.

பேட்டரியில் இயங்கும் வலைத்தகட்டு நெபுலைசருக்கு இம்முறைகள் பொருந்தா. அதன் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. விரலாலோ தூரிகையாலோ அதனைத் தொடக் கூடாது; கையேட்டில் உள்ளவாறு மட்டுமே தூய்மை செய்ய வேண்டும்.

கைவிட வேண்டிய நேரம்

கிண்ணத்தில் விரிசல், மங்கல், கழுவியும் போகாத நாற்றம், கரும்புள்ளி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அதனை மாற்றிவிடுங்கள். முகமூடி விறைத்து, முகத்தில் படியாமல் போனாலும் அவ்வாறே. ஒருமுறைப் பயன்பாட்டுக் கிண்ணங்களை மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. நீடித்த பயன்பாட்டுக் கிண்ணங்களையும் கையேடு கூறும் காலத்தில், பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மாற்றுதல் நலம். கிண்ணமும் முகமூடியும் கொண்ட தொகுப்பு தனியாகவே விற்கப்படுகிறது. அதன் பொருட்டு முழு இயந்திரத்தையும் வாங்க வேண்டியதில்லை.

ஒரு வீட்டில் இருவருக்கு நெபுலைசர் தேவையானால், இயந்திரம் ஒன்றே போதும். கிண்ணமும் முகமூடியும் ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் அவசரத்துக்குக் கேட்டாலும் இயந்திரத்தை மட்டும் கொடுங்கள். உதவும் மனம் உயர்ந்ததே. ஆயினும் ஒருவர் நோய் மற்றவருக்குச் செல்ல முகமூடி வழியாகிவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிப்பவர், நெபுலைசரைக் கடன் வாங்குவதற்கு முன் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கிண்ணத்தில் ஊற்றக் கூடாதவை

மருத்துவர் எழுதித் தந்த நெபுலைசர் மருந்தும், நுண்ணுயிரற்ற 0.9 விழுக்காட்டு உப்புக் கரைசலும் தவிர வேறெதற்கும் கிண்ணத்தில் இடமில்லை. வீட்டு உப்பைக் கரைத்து ஊற்றக் கூடாது. நீலகிரித் தைலம், கற்பூரம், ஓமநீர், துளசிச்சாறு ஆகியவற்றையும் ஊற்றக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் போர்த்தி ஆவி பிடிப்பது வேறு, நெபுலைசர் வேறு. எண்ணெய்ப் பொருள் நுண்துளியாக நுரையீரலின் ஆழத்தில் படிந்தால், எளிதில் நீங்காத அழற்சியை உண்டாக்கும்.

மின்னணு சிகரெட்டும் இதுவும் ஒன்றா?

அண்மைக் காலமாகச் சில பெற்றோர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியை முன்வைக்கின்றனர். வேலைக்கோ படிப்புக்கோ வெளியூர் சென்ற மகன், பேனா போன்ற ஒரு கருவியைக் கொண்டுவந்திருக்கிறான், அதன் உட்சுருளைக் கழற்றி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காயவைத்து மீண்டும் பயன்படுத்துகிறான், "இதுவும் நெபுலைசர் போலத்தான், சுத்தமாக வைத்திருந்தால் கெடுதல் இல்லை" என்கிறான், அது சரியா? சரியன்று என்பதே எங்கள் விடை.

நெபுலைசர் காற்றின் விசையால் மருந்தைச் சிதறச் செய்கிறது, எதனையும் எரிப்பதில்லை. மின்னணு சிகரெட்டோ உலோகச் சுருளைச் சுடவைத்து, பஞ்சுத்திரியில் ஊறிய நிக்கோட்டின் திரவத்தை ஆவியாக்குகிறது. திரி கருகும்போது பார்மால்டிகைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் முதலிய உலோகங்களும் ஆவியில் கலக்கின்றன. கழுவுவதால் கரி நீங்கலாம். சுருளின் உலோகத் தேய்மானமும் திரவத்தின் தன்மையும் மாறுவதில்லை. முற்றும் உலராத ஸ்பிரிட் சூடான சுருளில் தீப்பற்றவும் கூடும். ஆகவே நெபுலைசர் கிண்ணத்தைத் தூய்மை செய்வது நோயாளியைக் காக்கும்; மின்னணு சிகரெட்டின் சுருளைத் தூய்மை செய்வது தீங்கின் ஆயுளை நீட்டிக்கவே உதவும்.

2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தியோரிடையே கடும் நுரையீரல் பாதிப்பு பரவலாகக் காணப்பட்டது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டதாகவோ இறந்ததாகவோ பதிவாயிற்று. இறந்தோர் 68 பேர். அவர்களுள் பெரும்பாலோர் கஞ்சாச் சத்து கலந்த திரவத்தைப் பயன்படுத்தியவர்கள். அதில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட் என்னும் எண்ணெய்ப் பொருளுடன் இப்பாதிப்புக்கு வலுவான தொடர்பு இருப்பது கண்டறியப்பட்டது. தோலில் பூசத் தீங்கில்லாத பொருளும் நுரையீரலுக்குள் சென்றால் என்ன செய்யும் என்பதற்கு இது சான்று.

இந்தியாவில் மின்னணு சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், இருப்பு வைத்தல், விளம்பரம் ஆகிய அனைத்தும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆயினும் பிள்ளையைக் கடிந்து கருவியைப் பிடுங்குவதோடு நின்றுவிடாதீர்கள். நிக்கோட்டின் அடிமைத்தனம் ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. பீடி, சிகரெட், மின்னணு சிகரெட் எதனை விட விரும்பினாலும், 1800-11-2356 என்னும் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், எங்களிடமும் வரலாம். அக்கருவியின் திரவம் குழந்தைகள் விழுங்கினால் நஞ்சாகும். அதன் பேட்டரியை அடுப்பிலோ ஏரியிலோ எறியக் கூடாது.

மின்சாரம் இல்லாத நாளுக்கு

வடகிழக்குப் பருவமழையும் புயலும் நமக்குப் புதியவை அல்ல. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாள்களில் நெபுலைசர் ஓடாது. ஆகையால் மருத்துவரைக் கேட்டு, இன்ஹேலரும் அதனுடன் இணைக்கும் ஸ்பேசரும் வீட்டில் வைத்திருங்கள். சரியான முறையில் பயன்படுத்தினால், பெரும்பாலோருக்கு அவை நெபுலைசருக்கு இணையான பலன் தரும். கிருமி சேரும் வாய்ப்பும் குறைவு. கடலில் இருக்கும்போதும் அதுவே கைகொடுக்கும். பயன்படுத்தும் முறையை எங்கள் செவிலியரிடம் ஒருமுறை செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

உடனே வர வேண்டிய நிலைகள்

நெபுலைசர் வைத்தும் மூச்சுத்திணறல் தணியவில்லை. தணிந்தாலும் நான்கு மணி நேரத்துக்குள் திரும்புகிறது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. உதடு நீலம் பாய்கிறது. குழந்தையின் விலாவிடைத் தசை உள்வாங்குகிறது. பால் குடிக்க முடியவில்லை. நோயாளி குழப்பமோ மயக்கமோ அடைகிறார். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். தீவுக் குப்பங்களில் இருப்போர், படகு தேட ஆகும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, முன்னதாகவே புறப்படுங்கள். காய்ச்சலுடன் சளியின் நிறம் மாறினாலும் வந்து காட்டுங்கள்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, மருந்துச் சீட்டுடன் உங்கள் கிண்ணத்தையும் முகமூடியையும் கொண்டுவாருங்கள். அழுக்காக இருந்தால் கடிந்துகொள்வார்களோ என்று எண்ண வேண்டாம். உடன் அமர்ந்து பிரித்துக் கழுவிக் காட்டுவோம். பயன்படாதது எனில் அதனையும் சொல்வோம்.